நிலையான வடிவமில்லாத புரதங்கள்: அமினோ அமில வரிசையிலிருந்து நோய் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புரதம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது சுருண்டு மடிந்து கெட்டியாக நிற்கும் ஒரு மூலக்கூறு. அமினோ அமிலச் சங்கிலி மடிந்து ஒரு வடிவம் எடுக்கும், அந்த வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நொதிகளைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் மரபணுக்களை முடுக்கிவிடுபவை, செல் பிரிவதை நிறுத்திவைப்பவை, சமிக்ஞையை வாங்கிக் கடத்துபவை என்று செல்லில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் புரதங்களை எடுத்துப் பாருங்கள், அவற்றில் பலவற்றுக்குக் கணிசமான நீளத்துக்கு மடிப்பே இருக்காது. 2004-இல் வந்த ஒரு கணினிக் கணிப்பின்படி, 30 அமினோ அமிலங்களுக்கு மேல் நீளும் வடிவமற்ற பகுதி பாக்டீரியாப் புரதங்களில் 4 விழுக்காடு அளவுக்குத்தான் உண்டு. நம்மைப் போன்ற உட்கரு உள்ள உயிர்களிலோ 33 விழுக்காடு. மூன்றில் ஒன்று! இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

ஒரு புரதத்தின் பெயர் மட்டும் கையில் இருக்கிறது, அது வடிவமற்றதா, அப்படியென்றால் எப்படி வேலை செய்கிறது, எங்கே கெட்டு நோயாகிறது என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிநெடுகக் கூடவே ஒரே ஒரு புரதத்தை வைத்துக்கொள்வோம்: பார்க்கின்சன் நோயோடு பிணைந்த ஆல்ஃபா-சைநியூக்ளின், மொத்தம் 140 அமினோ அமிலங்கள். தேவைப்படும்போது மற்றவற்றையும் தொட்டுக்கொள்ளலாம்.

படி 1: "இதன் வடிவம் என்ன?" என்ற கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்

1894-இல் எமில் ஃபிஷர் நொதிக்கும் அது வேலை செய்யும் பொருளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பூட்டு-சாவியாகச் சொன்னார். 1958-இல் ஜான் கென்ட்ரூ குழு மயோகுளோபினின் வடிவத்தை முதன்முதலாகக் காட்டியது. கிறிஸ்டியன் அன்ஃபின்சென், வரிசையே மடிப்பைத் தீர்மானிக்கிறது என்று ரைபோநியூக்ளியேஸை வைத்து நிறுவி 1972-இல் நோபல் பரிசு பெற்றார். வடிவம் பற்றிய அறிவு நெடுங்காலம் பெரிதும் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் படமெடுப்பதை நம்பி நின்றது. படிகமாக வேண்டுமென்றால் எல்லா மூலக்கூறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஆக மடியாதவை தொடக்கத்திலேயே வடிகட்டப்பட்டுவிட்டன. பாதி மடிந்தவை படிகமானாலும், அசைந்துகொண்டிருந்த பகுதி படத்தில் தெரியவில்லை. புரத வடிவத் தரவு வங்கியிலிருந்து ஏதாவது ஒரு பழைய பாணிக் கோப்பைத் திறந்து "ரிமார்க் 465" என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். சோதனைக்குழாயில் இருந்தும் படத்தில் காணாமல் போன அமினோ அமிலங்களின் பட்டியல் அது. நெடுங்காலம் யாரும் கண்டுகொள்ளாத வரிகள் அவை, எனக்கு மிகவும் பிடித்த வரிகளும் அவைதான்.

1996-இல், செல் பிரிவதை நிறுத்திவைக்கும் பி21 என்ற புரதம் தனியாக இருக்கும்போது மடிப்பில்லாமலும், தன் கூட்டாளியான சிடிகே2-வைப் பிடித்ததும் ஒழுங்கான வடிவத்திலும் இருப்பது காட்டப்பட்டது. அதே ஆண்டில்தான் ஆல்ஃபா-சைநியூக்ளினும் இயல்பிலேயே மடியாத புரதம் என்று தெரிந்தது. 1999-இல் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து, வடிவம்-வேலை பற்றிய பழைய கணக்கையே மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். கீத் டங்கர், விளாதிமிர் உவெர்ஸ்கி போன்றவர்கள் கணிப்பு வழியாக அதே இடத்துக்கு வந்தார்கள்.

இதனால் அன்ஃபின்சென் சொன்னது பொய்யாகிவிடவில்லை. மடிவதை வரிசை தீர்மானிக்கிறது என்றால் மடியாமல் இருப்பதையும் அதுவேதான் தீர்மானிக்கிறது. மடிந்த புரதத்துக்கு ஆற்றல் மிகக் குறைந்த ஒரு நிலை இருக்கும், அங்கே போய் உட்கார்ந்துவிடும். வடிவமற்ற புரதத்துக்கு ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள ஆயிரக்கணக்கான நிலைகள், அவற்றுக்கிடையே நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும். எனவே நீங்கள் கேட்க வேண்டியது: எந்தெந்த நிலைகளில் எவ்வளவு நேரம் இருக்கிறது, யார் வந்தால் அந்தப் பங்கீடு மாறுகிறது? இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

படி 2: வரிசையை வெறும் கண்ணால் படியுங்கள்

மென்பொருளுக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். யூனிப்ராட் தளத்தில் பி37840 என்ற எண்ணைத் தேடினால் மனித ஆல்ஃபா-சைநியூக்ளினின் வரிசை கிடைக்கும். ஒரு தாளில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

டிரிப்டோஃபேன் ஒன்றுகூட இல்லை. சிஸ்டீன் இல்லை. ஃபினைல்அலனின் இரண்டே இரண்டு. புரதம் மடிய வேண்டுமென்றால் நீரை வெறுக்கும் பருமனான அமினோ அமிலங்கள் உள்ளே ஒன்றுகூடி ஒரு கரு உருவாக வேண்டும். இங்கே அதற்கான சரக்கே குறைவு. அப்புறம் புரோலின். அது சங்கிலியின் முதுகெலும்பை வளைத்து, சுருள், தாள் என்ற இரண்டு அடிப்படை மடிப்புகளும் உருவாகாமல் தடுக்கும். ஆல்ஃபா-சைநியூக்ளினில் 5 புரோலின்கள், ஐந்தும் 108-ஆம் இடத்திலிருந்துதான் வருகின்றன. கடைசி 45 அமினோ அமிலங்களில் எதிர்மின்சுமை கொண்டவை 15, நேர்மின்சுமை கொண்ட லைசின் 3 மட்டும். ஒரே சுமை இவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், வால் சுருங்கவே முடியாது.

முன்பகுதி வேறு கதை. முதல் 60 இடங்களுக்குள் "லைசின்-திரியோனின்-லைசின்-குளூட்டாமிக் அமிலம்-கிளைசின்-வேலின்" என்ற கோர்வை சிறுசிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வருகிறது. தண்ணீரில் இது தளர்ந்து கிடக்கும், ஆனால் செல் சவ்வின் மேல் படிந்தால் ஒரு பக்கம் கொழுப்பையும் மறுபக்கம் நீரையும் பார்க்கும் சுருளாகிவிடும். 61 முதல் 95 வரை நடுப்பகுதி. நீரை வெறுப்பவை அதிகம், கட்டியாகச் சேரும் குணம் இங்கேதான் இருக்கிறது. ஆக, நோயின் கதையில் பாதியை ஒரு மென்பொருளும் இல்லாமல் வரிசையிலேயே படித்துவிட்டோம்.

பொதுவாக அலனின், ஆர்ஜினின், கிளைசின், குளூட்டமின், செரின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், லைசின் ஆகியவை மிகுந்திருந்தால் தளர்வுப் பக்கம் சாயும். டிரிப்டோஃபேன், சிஸ்டீன், டைரோசின், ஃபினைல்அலனின், ஐசோலூசின், வேலின், லூசின் மிகுந்தால் மடிப்புப் பக்கம். மின்சுமை எத்தனை என்பதோடு அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம்: நேரும் எதிரும் மாறிமாறிக் கலந்திருந்தால் சங்கிலி விரிந்து நிற்கும், தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்திருந்தால் கூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துச் சங்கிலி சுருங்கிவிடும். அமினோ அமில எண்ணிக்கை ஒன்றே, நடத்தை வேறு.

படி 3: கணிப்பான்களை ஓட்டுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்

ஐயூபிரெட் தளத்தில் வரிசையை ஒட்டினால் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு தரும், 0.5-க்கு மேல் என்றால் வடிவமற்றது என்று வைத்துக்கொள்வது வழக்கம். மோபிடிபி பல கணிப்பான்களின் முடிவை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும். டிஸ்ப்ராட் என்பது கணிப்பில்லை, சோதனையில் உறுதியான பகுதிகளின் தொகுப்பு. உங்கள் புரதம் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 0.48, 0.53 என்று எல்லையில் ஊசலாடும் பகுதிகளை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கூட்டாளியைக் கண்டதும் மடியும் துண்டுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், உயர்ந்த கோட்டின் நடுவே சட்டென்று ஒரு பள்ளம் விழுந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆல்ஃபாஃபோல்ட், வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு. 2021 ஜூலையிலிருந்து இதன் கணிப்புகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன, இப்போது பலர் முதலில் திறப்பதே இதைத்தான். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 100-க்கு ஒரு நம்பிக்கை மதிப்பு இருக்கும். 50-க்குக் கீழே போனால் ஆரஞ்சு நிறத்தில் நாடாபோல நீளும், அது பெரும்பாலும் வடிவமற்ற பகுதி. அந்த ஆரஞ்சு நாடா வளைந்து போகும் பாதையை வடிவமாக எடுத்துக்கொண்டு மருந்து மூலக்கூற்றைப் பொருத்திப் பார்க்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது "இங்கே எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்பதற்கான குறி மட்டுமே.

இதற்கு நேர்மாறான பொறியும் ஒன்று உண்டு, அதற்கு ஆல்ஃபா-சைநியூக்ளினே நல்ல சாட்சி. ஆல்ஃபாஃபோல்ட் அதன் முன்பகுதிக்கு நல்ல நம்பிக்கையோடு ஒரு நீண்ட சுருளைக் காட்டும். தண்ணீரில் அந்தச் சுருள் கிடையாது! சவ்வின் மேல் படியும்போது வரும் வடிவம் அது. பயிற்சிக்குக் கொடுத்த தரவில் கூட்டாளியோடு சேர்ந்த வடிவங்கள் நிறைய இருந்ததால், நிபந்தனையோடு மடியும் பகுதிகளை அது மடிந்ததாகவே காட்டிவிடுகிறது. ஆகவே நம்பிக்கை மதிப்பு உயர்ந்திருந்து வடிவமின்மைக் கணிப்பும் உயர்ந்திருக்கும் இடம் முரண்பாடு என்று குழம்ப வேண்டாம். யாரையோ பிடித்தால் மடியும் பகுதி அது என்று சந்தேகப்படுங்கள்.

படி 4: சோதனைச்சாலையில் உறுதிசெய்யுங்கள்

முதலில் எளியவை. பாக்டீரியாவில் புரதத்தை உற்பத்தி செய்து, செல்லை உடைத்து, அந்தக் கரைசலை 95 டிகிரியில் 10-15 நிமிடம் கொதிக்கவைத்துச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மடிந்த புரதங்கள் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலக் கெட்டியாகிக் கீழே இறங்கிவிடும். ஆல்ஃபா-சைநியூக்ளினும், அல்சைமர் நோயோடு பிணைந்த டௌ புரதமும் மேலே தெளிந்த நீரிலேயே நிற்கும், ஏனென்றால் குலைய அவற்றிடம் மடிப்பே இல்லை. சோதனையும் ஆயிற்று, சுத்திகரிப்பின் முதல் படியும் ஆயிற்று. ஒன்று மட்டும் கவனம்: புரதத்தை வெட்டும் நொதிகள் திறந்துகிடக்கும் சங்கிலியை மடிந்ததைவிடப் பன்மடங்கு வேகமாக நறுக்கும், அவற்றைத் தடுக்கும் மருந்துகளைச் செல்லை உடைக்கும் முன்பே பஃபரில் சேர்த்துவிடுங்கள்.

புரதங்களைச் சோப்போடு சேர்த்து எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் எதிர்பார்த்ததைவிட மேலே நிற்கும். ஆல்ஃபா-சைநியூக்ளினின் எடை 14.5 கிலோடால்டன், ஜெல்லில் 18-க்குப் பக்கத்தில் தெரியும். மின்சுமை மிகுந்த சங்கிலியில் சோப்பு மூலக்கூறு குறைவாக ஒட்டுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். அளவு வாரியாகப் பிரிக்கும் பத்தியில் விட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது, ஏறக்குறைய 57 கிலோடால்டன் எடையுள்ள உருண்டைப் புரதம் வரும் இடத்தில் இது வந்துவிடும். இதைப் பார்த்து நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து நிற்கின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விரிந்த ஒற்றைச் சங்கிலிக்கும் அதே இடம்தான்.

அளவிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவது முக்கியமாக டிரிப்டோஃபேனும் டைரோசினும். இந்தப் புரதத்தில் முதலாவது இல்லை, இரண்டாவது நான்கே. எனவே பொது மதிப்பைப் போட்டால் செறிவு தப்பாக வரும், மோலார் கெழு 5960 என்று போட்டுக் கணக்கிடுங்கள். புரத அளவைக் காட்டும் பிராட்ஃபோர்டு சாயம் பெரிதும் ஆர்ஜினினைப் பிடிப்பது. இதில் ஆர்ஜினினே கிடையாது, அதையும் நம்ப வேண்டாம்.

சங்கிலி சுருளா, தாளா, தளர்வா என்று ஒளி உறிஞ்சும் விதத்திலிருந்து காட்டும் வட்ட இருநிறமாலையை எடுத்தால் 200 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே ஒரு ஆழமான பள்ளம் விழும், அது தளர்வான சங்கிலியின் அடையாளம். அதே குப்பியில் எதிர்மின்சுமை கொண்ட கொழுப்புக் குமிழ்களைச் சிறிதுசிறிதாகச் சேர்த்துக்கொண்டே நிறமாலையை மறுபடி மறுபடி எடுங்கள். அந்தப் பள்ளம் மேலேறி, 208-லும் 222-லும் இரண்டு பள்ளங்கள் எழுந்துவரும். சுருள் உருவாவதைக் கண்ணெதிரே பார்க்கிறீர்கள், அரை நாளில் முடிந்துவிடும் சோதனை, இந்தத் துறையில் ஒருவரைப் பிடித்து நிறுத்துவதற்கு இதைவிடச் சிறந்த காட்சி எனக்குத் தெரியாது.

உறுதியான தீர்ப்பு என்எம்ஆரில், அதாவது அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலையில்தான் வரும். மடிந்த புரதத்தில் ஒவ்வோர் அமைடு ஹைட்ரஜனும் வெவ்வேறு சூழலில் இருப்பதால் புள்ளிகள் அகலமாகச் சிதறும். வடிவமற்றதில் எல்லாம் ஹைட்ரஜன் அச்சில் 8-க்கும் 8.5 பிபிஎம்-க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும். சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல் சங்கிலி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று சொல்லும், சங்கிலியில் இரண்டு ஒளிர் சாயங்களை ஒட்டிப் பார்க்கும் ஒற்றை மூலக்கூறு ஃபிரெட் அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் பரவலைக் கொடுக்கும்.

இதெல்லாம் சோதனைக்குழாய்தானே, செல்லுக்குள் நெரிசலில் மடிந்துவிடாதா? நியாயமான கேள்வி. ஆல்ஃபா-சைநியூக்ளின் செல்லுக்குள் நான்கு மூலக்கூறு சேர்ந்த சுருளாக நிற்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்து பெரிய விவாதமே நடந்தது. 2016-இல் பாலூட்டிகளின் உயிருள்ள செல்களுக்குள்ளேயே என்எம்ஆர் எடுத்துப் பார்த்தபோது, நரம்புச் செல்களிலும்கூட அது தளர்ந்த ஒற்றைச் சங்கிலியாகவே தெரிந்தது. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான்.

படி 5: இது எந்த வகை வேலை செய்கிறது என்று கண்டுபிடியுங்கள்

சில சங்கிலிகளுக்குத் தளர்ந்திருப்பதே வேலை. தசையில் உள்ள டைட்டினின் ஒரு பகுதி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குவதும், உட்கருத் துளைகளில் நிறைந்திருக்கும் ஃபினைல்அலனின்-கிளைசின் சங்கிலிகள் யார் உள்ளே போகலாம் என்று வடிகட்டுவதும் இந்த வகை. இவற்றில் மடியும் துண்டைத் தேடிப் பயனில்லை.

இன்னொரு வகை, பிடித்ததும் மடிபவை. மரபணுக்களை முடுக்கிவிடும் கிரெப் புரதத்தின் ஒரு துண்டு, 133-ஆம் செரினில் பாஸ்பேட் ஏறியதும் சிபிபி என்ற கூட்டாளியைப் பிடித்து இரண்டு சுருள்களாக மடிகிறது. மடிவதற்கான செலவைப் பிடிப்பின் ஆற்றலிலிருந்து கழித்துக்கொள்வதால், கூட்டாளியைத் துல்லியமாக அடையாளம் கண்டாலும் பிடி இறுகிப்போகாது. சமிக்ஞை வந்ததும் பிடிக்க வேண்டும், முடிந்ததும் விட வேண்டும் என்ற இடங்களில் இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

புற்றுநோயைத் தடுக்கும் புரதமான பி53-ஐச் சொல்லாமல் இந்தப் படியை முடிக்க முடியாது. 393 அமினோ அமிலங்கள். நடுவில் டிஎன்ஏவைப் பிடிக்கும் மடிந்த பகுதி, இரண்டு முனைகளும் தளர்வு. அதன் வால்முனையில் 20 அமினோ அமிலங்கள்கூட இல்லாத ஒரே ஒரு துண்டு, எஸ்100பி என்ற புரதத்தோடு சேர்ந்தால் சுருளாகிறது, சிர்டுயின் நொதியில் தாள் இழையாகிறது, சைக்ளின் ஏ-யில் இரண்டுமில்லாத வளைவாகக் கிடக்கிறது. வரிசை ஒன்று, வடிவம் மூன்று, எதைக் கொடுப்பது என்பதைக் கூட்டாளி தீர்மானிக்கிறது. நூற்றுக்கணக்கான புரதங்களோடு பி53 பேச முடிவதன் அடிப்படையே இந்தத் தளர்வுதான்.

பிடித்த பிறகும் மடியாதவையும் உண்டு. புரோதைமோசின் ஆல்ஃபாவும் ஹிஸ்டோன் எச்1-உம் எதிரெதிர் மின்சுமையால் மிக இறுக்கமாகப் பிணைகின்றன, ஆனால் பிணைந்த நிலையிலும் இரண்டும் தளர்வாகவே அசைந்துகொண்டிருப்பதை 2018-இல் காட்டினார்கள். இறுக்கமான பிணைப்புக்கு வடிவம் வேண்டும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

உங்கள் புரதம் எந்த வகை என்று அறிய, ஈஎல்எம் தளத்தில் குறுந்தொடர்களைத் தேடுங்கள். மூன்று முதல் பத்து அமினோ அமிலம் வரையிலான சிறு பிடிமானங்கள் அவை. நிறைய பொய்யான பொருத்தங்கள் வரும் என்பதால், எலி, கோழி, மீன் என்று பிற உயிர்களின் வரிசையோடு வைத்துப் பார்த்து, சுற்றுப்புறம் மாறியும் தான் மாறாமல் நிற்கும் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாற்றங்களையும் அளவையும் பாருங்கள்

தளர்வான சங்கிலி வெளியே திறந்து கிடப்பதால் பாஸ்பேட் ஏற்றும் நொதிகளுக்கு எளிதில் எட்டும். ஈஸ்ட்டில் சிக்1 என்ற புரதத்தில் பல இடங்களில் பாஸ்பேட் ஏறினால்தான் அது அழிவுக்குப் போகிறது, அப்போதுதான் செல் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்குகிறது. செல்லின் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் 4ஈ-பிபி2 இன்னும் வியப்பானது: பாஸ்பேட் ஏறியதும் ஒரு பகுதி நான்கு இழைத் தாளாக மடிந்து, கூட்டாளியைப் பிடிக்கும் துண்டை உள்ளே மறைத்துவிடுகிறது.

செல் இந்தப் புரதங்களின் அளவில் மிகக் கண்டிப்பு. 2008-இல் வந்த ஒரு விரிவான ஆய்வு, வடிவமற்ற புரதங்களின் தூது ஆர்என்ஏ சீக்கிரம் சிதைவதையும், புரதங்களே குறைந்த காலம்தான் நிலைப்பதையும் காட்டியது. யாரையும் பிடிக்கக்கூடியது அளவுக்கு மீறி இருந்தால் பிடிக்கக் கூடாததையும் பிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு நோய்ப் படிக்குப் போங்கள்.

படி 7: துளிகளாகச் சேர்கிறதா?

2009-இல் கிளிஃபர்டு பிராங்வின், ஆண்டனி ஹைமன் முதலானோர் ஒரு சிறு புழுவின் கருவில் உள்ள பி துகள்கள் திரவத் துளிகளைப் போல ஒன்றோடொன்று சேர்வதையும் ஒழுகுவதையும் கண்டார்கள். சவ்வு இல்லாமலே செல் தனக்குள் அறைகள் அமைத்துக்கொள்கிறது என்ற புரிதல் அங்கிருந்து விரிந்தது. வடிவமற்ற சங்கிலிகள் பல இடங்களில் பலவீனமாக ஒட்டிக்கொள்வதால் இதற்குப் பொருத்தமானவை.

ஆனால் இந்தத் துறையில் அவசரம் அதிகம், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஒளிரும் பச்சைப் புரதத்தை ஒட்டி, செல்லில் மிதமிஞ்சி உற்பத்தி செய்து, புள்ளிகள் தெரிகின்றன என்பதால் மட்டும் அது திரவத் துளி ஆகிவிடாது. இயல்பான அளவில் தெரிகிறதா, ஒளியை அணைத்த இடம் மீண்டும் நிரம்புகிறதா, இரண்டு துளிகள் சேர்ந்து உருண்டையாகின்றனவா, செறிவு ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் தோன்றுகிறதா என்று நான்கையும் பாருங்கள். பலவீனமான ஒட்டுதல்களைக் குலைக்கும் 1,6-ஹெக்சேன்டையால் என்ற ரசாயனத்தைச் சேர்த்ததும் கரைந்துவிட்டது என்பதை மட்டும் ஆதாரமாகக் காட்டும் முடிவை நான் ஏற்பதில்லை, அது செல்லில் வேறு பலவற்றையும் குலைக்கும்.

படி 8: நோய் எங்கே நுழைகிறது?

ஆல்ஃபா-சைநியூக்ளினுக்கு வருவோம். 1997-இல் அதன் மரபணுவில் 53-ஆம் அலனின் திரியோனினாக மாறிய குடும்பங்களில் பார்க்கின்சன் வருவது தெரிந்தது. அதே ஆண்டு, நோயாளிகளின் மூளைச் செல்களில் காணப்படும் லூயி உடல்கள் என்ற கட்டிகளில் நிறைந்திருப்பது இந்தப் புரதம்தான் என்றும் தெரிந்தது. 2003-இல் வந்த கண்டுபிடிப்புதான் என் பார்வையில் மிக முக்கியம்: ஒரு குடும்பத்தில் புரதத்தின் வரிசையில் எந்த மாற்றமும் இல்லை, மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று மட்டும் மும்மடங்காகி (மொத்தம் நான்கு நகல்கள்) அளவு இரட்டிப்பாகியிருந்தது, அதுவே நோய்க்குப் போதுமாக இருந்தது. படி 6-இல் சொன்ன கண்டிப்பு ஏன் என்பது இங்கே விளங்கும்.

கட்டியாவதை ஆய்வகத்தில் பார்க்க, இழைகளில் ஒட்டினால் ஒளிரும் தயோஃபிளேவின் டி சாயத்தோடு புரதத்தை 37 டிகிரியில் குலுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக ஒன்றும் நடக்காது. பிறகு ஒளிர்வு சட்டென்று ஏறும். ஏற்கெனவே உருவான இழையில் ஒரு துளி சேர்த்தால் அந்தக் காத்திருப்பே இருக்காது, இழை தன்னைப் போலவே மற்றவற்றையும் மடக்கிக்கொள்கிறது. இதே கொள்கையில், நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் மிகச் சிறிய அளவு இழை இருக்கிறதா என்று கண்டறியும் விதைப் பெருக்கச் சோதனை இன்று ஆய்வுகளில் பயன்படுகிறது.

ஆரோக்கியத்தில் வடிவமில்லாத இந்தச் சங்கிலிக்கு நோயில்தான் நிலையான வடிவம் வருகிறது. அதுவும் ஒரே வடிவம் இல்லை. டௌ புரதத்தின் இழைகளை அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்தே எடுத்து 2017-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அளவில் பார்த்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிக் நோயிலும், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளைச் சிதைவிலும் பார்த்தபோது, அதே டௌ வேறு வேறு விதமாக மடிந்திருந்தது. நோய்க்கு ஒரு மடிப்பு! ஆல்ஃபா-சைநியூக்ளினும் பார்க்கின்சனில் ஒரு விதமாகவும், பல்தொகுதிச் சிதைவு நோயில் வேறு விதமாகவும் மடிகிறது. ஆகவே சோதனைக்குழாயில் நீங்கள் உருவாக்கிய இழை நோயாளியின் இழைதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வடிவத்தை ஒப்பிட்ட பிறகே பேசுங்கள்.

எஃப்யூஎஸ் புரதத்தில் கதை துளிகள் வழியாக வருகிறது. திரவமாக இருக்கும் அதன் துளி நேரம் போகப்போக இறுகி இழையாவதையும், இயக்க நரம்புச் சிதைவு நோயில் காணப்படும் மரபணு மாற்றம் அதை விரைவுபடுத்துவதையும் 2015-இல் காட்டினார்கள். டைப் 2 நீரிழிவில் கணையத்தில் படியும் அமிலினும், வெறும் 37 அமினோ அமிலம் கொண்டது, இந்தக் குடும்பம்தான். ஹண்டிங்டன் நோயில் குளூட்டமின் தொடர் நீள்வதே காரணம், 40-ஐ எட்டினால் நோய் உறுதி.

புற்றுநோய் வேறு மாதிரி. அங்கே கட்டியாவதைவிட, கூட்டாளிகளோடு உள்ள கணக்கு மாறுவதுதான் பிரச்சினை. மிக் புரதம் தனியே தளர்வு, மேக்ஸ் என்ற கூட்டாளியோடு சேர்ந்ததும் மடிந்து டிஎன்ஏவைப் பிடிக்கும். அது மிகுதியாகிவிட்டால் செல் பெருகுவதை நிறுத்தாது. யூயிங் சார்கோமாவில் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி, ஈடபிள்யூஎஸ்-இன் தளர்வான பகுதி எஃப்எல்ஐ1-இன் டிஎன்ஏ பிடிக்கும் பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. தளர்வான பகுதி தன் இயல்பான வேலையையே செய்கிறது, போகக் கூடாத மரபணுக்களின் மேல்.

படி 9: மருந்துக்கான வழிகளை எடைபோடுங்கள்

மருந்து உட்காரக் குழி இல்லை என்பதால் இவற்றை நெடுநாள் தொட முடியாதவை என்று ஒதுக்கினார்கள். இதுவரை நன்றாக வேலை செய்த வழி, கூட்டாளியைப் பிடிப்பது. பி53-இன் தளர்வான முனையில் 19-ஆம் ஃபினைல்அலனின், 23-ஆம் டிரிப்டோஃபேன், 26-ஆம் லூசின் மூன்றும் பி53-ஐ அழிவுக்கு அனுப்பும் எம்டிஎம்2 புரதத்தின் ஒரு குழிக்குள் இறங்குகின்றன. 2004-இல் வந்த நட்லின் மூலக்கூறுகள் அந்த மூன்றையும் நகலெடுத்துக் குழியை அடைத்துக்கொள்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ், செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தின் குழியில் கூட்டாளிகளின் பிஎச்3 என்ற துண்டு அமரும் இடத்தைப் பிடிப்பதும் இதே தந்திரம்தான்.

தளர்வான சங்கிலியையே நேரடியாகப் பிடிப்பது கடினம். புராஸ்டேட் புற்றுநோயில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் வடிவமற்ற முனையைக் குறிவைத்த ஒரு மருந்து மனிதச் சோதனை வரை போய், மிக அதிக அளவு கொடுக்க வேண்டியிருந்ததால் நின்றது. 2025-இல் டேவிட் பேக்கரின் ஆய்வகம், வடிவமற்ற சங்கிலிகளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்துக் காட்டியது. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை இருக்கிறது, மருந்தாக நோயாளியை எட்ட இன்னும் தூரம் இருந்தாலும்.

இந்த வகை மருந்தைப் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் மூன்றைத் தேடுங்கள்: பிணைப்பை என்எம்ஆரில் காட்டினார்களா, அமினோ அமிலங்களின் வரிசையைக் கலைத்துப்போட்ட சங்கிலியோடும் மருந்து ஒட்டுகிறதா என்று பார்த்தார்களா, மருந்துத் துகள்கள் தாமே கட்டியாகிப் புரதத்தை உறிஞ்சிக்கொள்ளவில்லை என்று சோப்பு சேர்த்துச் சரிபார்த்தார்களா. மூன்றும் இல்லையென்றால் அடுத்த ஆய்வைப் பாருங்கள்.